விரத வீட்டில் ஒரு பாம்புக்குட்டி

மகள் பாம்பு வளர்க்கப் போவதாகச் சொன்னபோது நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். நாய் கேட்டிருந்தால் வீடு சின்னது என்று சொல்லியிருப்பேன். பூனை கேட்டிருந்தால் மயிர் கொட்டும் என்று சொல்லியிருப்பேன். இந்த இரண்டு பதிலையும் பல வருடமாகத் தயாராக வைத்திருந்தேன். பாம்புக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் வாய் திறக்காமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த கிழமையே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டாள்.

ஜெலாத்தோ ஐஸ்கிரீம் வாங்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, ஈரத் துணிக்குள் அது இருந்தது. பென்சில் தடிப்புத்தான். கறுப்பு உடம்பில் தலையிலிருந்து வால்வரை மூன்று மஞ்சள் கோடு. மகளோடு பள்ளியில் படிக்கும் பெண்ணின் வீட்டில் தாய்ப்பாம்பு ஒரு கூட்டம் குட்டி போட்டதாம். முட்டை இல்லை, குட்டி. காலுறை நழுவாமல் கட்டும் பட்டிக்கு இத்தாலியனில் என்ன பெயரோ, அதுவே இந்தப் பாம்புக்கும் பெயர். ஆங்கிலத்திலும் அப்படித்தான், கார்ட்டர் பாம்பு. அமெரிக்காக்காரப் பாம்பு, ஆளை ஒன்றும் செய்யாது என்றாள். எனக்குப் பார்க்க எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பாம்பின் ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தது.

இவர் வேலை முடிந்து வந்தார். என் கணவர் பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் அலுமினிய ஜன்னல் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறார். பெட்டிக்குள் என்ன என்று எட்டிப் பார்த்தவர் அப்படியே கதிரையில் ஏறிவிட்டார். பாம்பு மேசையில் இருந்தது. கதிரையில் ஏறியதால் நீங்கள் அதற்கு இன்னும் கிட்டப் போயிருக்கிறீர்கள் என்று நான் சொன்னதும், இறங்கிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விசாரணை அங்கிருந்துதான் நடந்தது.

"இதுக்குப் பெர்மெஸ்ஸோ இருக்கே?"

"அது பலெர்மோவிலை பிறந்தது, அப்பா. என்னை மாதிரி," என்றாள் மகள்.

அதற்குமேல் அவர் பெர்மெஸ்ஸோவைப் பற்றிக் கதைக்கவில்லை. வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வாசலில் விடியுமுன்பே வரிசையில் நின்று பழகிய மனிதர் அவர். 

நான் ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். கலியாணமாகி நெடுங்காலம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. நயினாதீவு நாகபூசணி அம்மாளுக்கு நேர்ந்த பிறகுதான் இவள் வயிற்றில் வந்தாள். நாகத்தை நகையாகப் பூண்டவள் அந்த அம்மாள். அவளிடம் பிள்ளை வாங்கியவள், வீடு தேடி வந்த பாம்பை எந்த வாயால் போ என்பேன்? அன்றைக்கே இன்னொரு பயமும் என்னைப் பிடித்துக்கொண்டது. வந்தது வந்துவிட்டது, என் வீட்டில் வைத்து இது சாகக்கூடாது. வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் இதே யோசனைதான்.

பெட்டியை இவரே பட்டறையில் செய்தார். பயந்தவன் செய்த பெட்டியைப் போல உறுதியான பெட்டி உலகத்தில் இல்லை. கண்ணாடிக்கு அலுமினியச் சட்டம், மூடிக்கு இரண்டு கொளுக்கி, அதற்குமேல் ஒரு பூட்டு. பென்சில் அளவு பாம்புக்கு நகைக்கடைப் பாதுகாப்பு. சாவியைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார். பாம்பு வெளியே வந்தால் சாவியைத் தேடி முதலில் உங்களிடம்தான் வரும் என்றேன். அடுத்த நாள் சாவி சாமியறைக்குப் போய்விட்டது.

முதல் வெள்ளிக்கிழமை நான் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, பாலைக் காய்ச்சி ஆற்றி வைத்தேன். பக்கத்தில் ஒரு பூவும் வைத்தேன். பாம்பு பால் குடிக்கும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. அது குடிக்கவில்லை, இறங்கிக் குளித்தது. மகள் பள்ளியால் வந்தபோது மஞ்சள் கோடுகள் வெள்ளையாகி, பெட்டி புளித்து மணத்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் ஓடிவிடும். சந்தைக்காரர் கூவுகிற அதே இத்தாலியனில் மூச்சுவிடாமல் கொட்டிக்கொண்டு, பாம்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவினாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியே போதுமாக இருந்தது.

அது தின்பது மீனும் மண்புழுவும். பலெர்மோவில் மீனுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். ஆனால் சூடை, நெத்தலி இரண்டும் ஆகாதாம். அதையே தொடர்ந்து தின்றால் உடம்பில் ஒரு விட்டமின் அழிந்து பாம்புக்கு வலிப்பு வருமாம். சூடை தின்று வலிப்பு வந்த ஒரு ஆளைக் காட்டு என்றேன். நீங்கள் பாம்பா என்று கேட்டாள். ஆற்று மீனான துரோத்தாதான் நல்லது என்று சொன்னதால், வுச்சீரியாச் சந்தையில் மிஞ்சியிருக்கும் மீன்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆற்று மீன் கேட்கிறாயே, உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று மனிதருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. பாம்புக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் சூப்பர்மார்க்கெட்டில் உறைந்து கிடந்த துரோத்தாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மீனை இடியப்பத் தும்பு போல மெல்லிசாக வெட்டுவது என் வேலை. மகள் சாவணம் என்கிற சின்ன இடுக்கியால் பிடித்து அதன் முன்னால் ஆட்டுவாள். ஆட வேண்டும். சும்மா கிடந்தால் அது திரும்பியும் பாராது, உயிரில்லாததைத் தின்னாத கௌரவம் அதற்கு. ஆடினால் நாக்கு வெளியே வரும், தலை தூக்கும், ஒரே பாய்ச்சல். விழுங்கி முடிந்ததும் வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விடும். அந்தக் கொட்டாவியைப் பார்க்க நான் வேலையால் வந்த கால் வலியோடு நின்றுகொண்டிருப்பேன். இவரும் கதவு நிலைக்கு வெளியே நின்று பார்க்கத் தொடங்கினார். மாதத்துக்கு ஒரு முழம் கிட்ட வந்தார் என்று சொல்லலாம்.

பிறகு கேதார கௌரி விரதம் வந்தது. நான் விடாமல் பிடிக்கிற விரதம். மூன்று கிழமையும் ஒரு நாளைக்கு ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் பின்னேரம் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு. வீட்டுக்குள் மச்சம் வரக்கூடாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாம் எங்களுக்கு மச்சம்தான். மச்சச் சட்டிகளைக் கட்டிப் பரணில் போட்டு, குசினியைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிரிட்ஜைத் துடைத்தபோது துரோத்தா கையில் வந்தது. இது எங்கே போவது?

பாம்பும் எங்களோடு விரதம் இருக்கட்டுமே என்றார் இவர். வளர்கிற குட்டி, மூன்று கிழமை தாங்காது என்றாள் மகள். கோயிலில் கேட்டேன். ஒருத்தி, விரத நாளில் நாகம் வீட்டில் இருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி மண்புழு மச்சமா, மரக்கறியா என்று தொடங்கி, பூசை மணி அடிக்கும்வரை விடவில்லை. மொரீசியஸ்காரத் தமிழ் அக்கா ஒருவர்தான் உருப்படியாக ஒன்று சொன்னார்: மீனைப் பக்கத்து வீட்டில் வை.

எங்களுக்கு நேர் கீழே தனியாக இருக்கிற இத்தாலியப் பெண்மணியிடம், நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவரிடம், போனேன். கணவரை இழந்தவர், வாய்க்காரி, என்னில் நல்ல விருப்பம். அவருடைய குசினியில் பிரிட்ஜுக்கு மேல் ஒரு மாதா சிலை இருக்கிறது. மாதாவின் காலடியில் ஒரு பாம்பு நசுங்கிக் கிடக்கும். மீனைத் தன் பிரிட்ஜில் வைக்கவும், பாம்பைக் கொண்டுவந்து தன் மேசையில் வைத்துத் தீனி போடவும் சம்மதித்தார். மாதாவைப் பார்த்துச் சிலுவையும் போட்டுக்கொண்டார். உங்கள் மாதா மிதிக்கிறார், எங்கள் அம்மாள் மாலையாகப் போட்டிருக்கிறார் என்றேன். யார் சரி என்று கொஞ்ச நேரம் வாதாடினோம். இரண்டு அம்மாக்களும் தங்களுக்குள் கதைத்துத் தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டுக் கோப்பி குடித்தோம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று பாம்பு தின்ன மறுத்தது. மஞ்சள் கோடு மங்கியது. கண் இரண்டும் பால் படிந்தது போல வெளுத்தன. நான் வார்த்த பால்தான் கண்ணில் வந்து நிற்கிறது என்றேன். சட்டை கழற்றப் போகிறது, அந்த நேரம் தின்னாது என்றாள் மகள். சட்டையும் ஒழுங்காகக் கழலவில்லை. துண்டு துண்டாக உரிந்து, கழுத்திலும் கண்ணிலும் ஒட்டிக்கொண்டது. நாள் போகப் போக முதுகெலும்பு தெரிந்தது.

மகளும் நானும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். நாயும் பூனையும் வைத்திருந்தவர்கள் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். வைத்தியர் இளம் பெண். பெட்டிக்கு மேலே நாங்கள் போட்டிருந்த சூட்டு விளக்கு ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது என்றார். ஈரப் பஞ்சால் ஒட்டியிருந்த தோலைப் பொறுமையாக எடுத்தார். இனி இரண்டு மூன்று நாளுக்குள் இது தானாகத் தின்ன வேண்டும், ஒரு தடவை தின்றுவிட்டால் பயமில்லை என்றார். தின்னாவிட்டால் குழாய் போட்டு வயிற்றில் விட வேண்டும், இவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அடுத்த நாள் விடிய மகள் பள்ளியோடு நாலு நாள் எட்னா மலை பார்க்கப் போக வேண்டும். பல மாதமாகக் காத்திருந்த பயணம். வீட்டுக்கு வந்ததும் அடுக்கி வைத்த பையை அவிழ்த்து உடுப்புகளை வெளியே எடுக்கத் தொடங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"நீ போ. நான் தீத்துறன்," என்றேன்.

தீத்துவது என்றால் சின்னப் பிள்ளைக்கு வாயில் ஊட்டுவது. அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உடுப்புகளைத் திரும்ப அடுக்கினாள். உண்மையில் நான் மனதில் வைத்திருந்தது இவருடைய கையைத்தான். இவருக்கு விரதம் இல்லை.

சிஞ்ஞோரா மகனிடம் வடக்கே தொரினோவுக்குப் போயிருந்தார். துளசிக்கு அக்காள் முறையான பசிலிக்கோச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை எங்களிடம் தந்திருந்தார். முதல் நாள் இவர் பட்டறைக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பெட்டியோடு கீழே போனார். கை நீளும் தூரத்திலிருந்து மீனைப் போட்டார், இரண்டு கொளுக்கியும் மாட்டினார், பூட்டினார், மேலே வந்து தண்ணீர் குடித்தார். மீன் அப்படியே காய்ந்தது. அடுத்த நாள் சாவணத்தால் ஆட்டிப் பார்த்தார். ஆடியது மீன் மட்டும் இல்லை, ஆள் முழுதும்தான். பாம்பு மரப்பட்டைக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டது.

"என்னாலை ஏலாதப்பா. நான் அதுக்குப் பயப்பிடுறன், அது எனக்குப் பயப்பிடுது," என்று படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மீனை அவர் எடுத்ததும் பெட்டியை நான் மேலே கொண்டுவந்தேன். மகள் போன் எடுத்தபோது, இன்னும் இல்லை, தின்னும், பயப்படாதே என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலையால் வந்து தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தேன். அது ஈரப் பாசிமேல் நீட்டிக்கிடந்தது. வழக்கமாக ஆளைக் கண்டால் நாக்கு படபடக்கும். அன்று ஒரு தரம் வந்து மெதுவாக உள்ளே போனது.  நாளைக்கு இரவு மகள் வந்துவிடுவாள், அதுவரை தாங்கும் என்று ஒரு மனம் சொன்னது. தாங்காவிட்டால்? என் விரதம் கெடக்கூடாது என்று உன் குட்டியைப் பட்டினி போட்டேன் என்று அம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது? என் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். பின்னால் இவர் வந்தார். மீனைத் தண்ணீரில் போட்டு இளக்கி எடுத்து வெட்டினேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமையில் மச்சம் தொட்டவள் இல்லை நான், அதுவும் கௌரி விரதத்தில்.  சாவணத்தைக் கண்டாலே அது ஒளிக்கும் என்பதால் விரலாலேயே பிடித்தேன். புழு மணம் பட்டால் ஆசை வரும் என்று மகள் சொல்லியிருந்தாள். பசிலிக்கோச் சாடியில் தோண்டி ஒரு மண்புழுவை எடுத்து, மீனில் தேய்த்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப மண்ணுக்குள் விட்டேன். ஒரு நாளில் எத்தனை பாவம்தான் செய்வது?

பாம்பு அசையவில்லை. மேலே மாதா பார்த்துக்கொண்டு நின்றார். மகள் சின்னதில் ஒரு வாய் சோறு வாங்க மாட்டாள். பல்கனியில் தூக்கிக்கொண்டு நின்று, ரயில் ஸ்தாசியோனேக்குப் போகிற பஸ்களை ஒவ்வொன்றாகக் காட்டினால்தான் வாய் திறக்கும். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். மீனை ஆட்டிக்கொண்டு பாம்பிடம், அங்கை பார், சிவப்புப் பஸ் போகுது, ஒரு வாய் வாங்கு, என்ரை குஞ்செல்லோ என்று கதைக்கத் தொடங்கினேன். இவர் சிரிக்கவில்லை. அவரும் சேர்ந்து, பின்னாலை இன்னொண்டு வருது பார் என்றார்.

நாக்கு வந்தது. இன்னொரு தரம் வந்தது. தலை தூக்கி, மணம் பிடித்து, ஒரே பாய்ச்சலாக வந்து என் விரலைக் கவ்விக்கொண்டது. மீனும் விரலும் ஒரே மணம், அது என்ன செய்யும் பாவம்? நோவில்லை, முட்செடி உரசினது போல ஒரு கீறல். அது விரலை விழுங்க முயன்றுகொண்டிருந்தது. நான் சிரித்தேன், கண்ணால் தண்ணீரும் வந்தது. உயிர் இருக்கிற வாய் அல்லவா கடிக்கும். கொஞ்ச நேரத்தில் தன் பிழையை உணர்ந்து விரலை விட்டுவிட்டு மீனைப் பிடித்தது. விழுங்கியது. இன்னொரு துண்டு, பிறகு இன்னொன்று. கடைசியில் அந்தக் கொட்டாவி. நிமிர்ந்து பார்த்தால், பெட்டி விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மூக்கு முட்டுகிற அளவுக்கு இவர் நின்றார். தான் எங்கே நிற்கிறேன் என்பது அவருக்கே அப்போது தெரியாது. 

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எங்கள் வீட்டில் பசி பாம்புக்கு, பறந்தது எனக்கு. மேலே போய்த் திரும்பவும் தலையில் வார்த்துவிட்டு விளக்கேற்றினேன். அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போய் நின்றேன். கேட்க வரவில்லை. தின்றிட்டுது என்று மட்டும் சொன்னேன்.

இவர் தன் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமலே அதை மகளுக்கு அனுப்பியும் விட்டார். விளக்குக்கு முன்னால் நான் எழும்பமுதல் போன் அடித்தது. பஸ்ஸிலோ விடுதியிலோ, பின்னால் பிள்ளைகளின் பாட்டும் கூச்சலும். இத்தாலியனில் தொடங்கி, சிரித்து, தின்றதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அம்மா, அது உங்கடை கையெல்லோ."

"ஓம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

விரதம், வெள்ளி, செவ்வாய் ஒன்றும் இந்தப் பிள்ளையின் தலைக்குள் ஏறவில்லை என்று எத்தனையோ பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன்.  தெரியும் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கூச்சல் குறைந்தது, அவள் எங்கோ தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும். பிறகு ஒரு இத்தாலியன் சொல்கூடக் கலக்காமல் கேட்டாள்.

"நீங்கள் இன்னும் சாப்பிடேல்லைத்தானே? போனை வைச்சிட்டுப் போய்ச் சாப்பிடுங்கோ, அம்மா."

 ஓம் என்று சொல்லிப் போனை வைத்தேன். இவர் அதற்குள் சோறு போட்டு மேசையில் வைத்திருந்தார். நான் இருந்து சாப்பிட்டேன்.